ஓணானுக்கு நாலு எலுமிச்சம்பழம்

செவ்வாய்க் கிரகத்துல என் பேரு இருக்கப்போவுதுன்னு பால்காரர்லேருந்து பாஸ்டர் வரைக்கும் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பியூலா ஞானசெல்வம். கொஞ்சம் நீளம்தான், ஆனா தகட்டுல வெட்டினா எடுப்பா இருக்கும். எங்க வண்டி அப்ப இன்னும் ஜெயிக்கல, அது வேற விஷயம். ஜெயிக்கும். அதுல எனக்கு ஒரு துளி சந்தேகம் கெடையாது. கடைசிச் சுத்து நடக்கப்போற அன்னைக்குக் காலைல மத்த பிள்ளைகளுக்கெல்லாம் சாப்பாடே எறங்கலையாம், எனக்கு நல்லாப் பசிச்சுது. "தட்டத் தட்டாதட்டி, இட்லி என்ன நடந்தா வரும்?"னு அம்மாகிட்ட வசவு வாங்கிட்டுத்தான் கெளம்பினேன்.

விஷயத்த மொதல்லருந்து சொல்லுதேன். நான் அப்ப பதினொண்ணாங் கிளாஸ். விண்வெளி மையத்துல இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டின்னு குடுத்திருந்தாவ. சக்கரம், மோட்டார், கேமரா, ரிமோட், அப்புறம் நகத்தளவுல ஒரு சில்லு. வண்டிய நம்ம இஷ்டத்துக்குக் கட்டிக்கிடலாம். ஆனா அந்தச் சில்லுக்குள்ள புரோகிராம் எழுத முடியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் பழக்கம்தான். யாரு ரிமோட்டப் பிடிச்சு ஓட்டுதாவளோ அவங்க கைய அது பாத்துக்கிட்டே இருக்கும். ஏத்தத்துல எப்படித் திருப்புதோம், கல்லு கெடந்தா எங்க நிறுத்துதோம், எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிடும். கொஞ்ச மாசம் போனா ரிமோட் இல்லாமத் தானா ஓடும், நம்ம ஓட்டுத மாதிரியே.

எந்தப் பள்ளிக்கூடத்து வண்டி நல்லா ஓடுதோ, அதோட பழக்கத்த அப்படியே செவ்வாய்க்குப் போற நெசமான வண்டியில ஏத்துவாவ. பழக்கிவிட்டவங்க பேரையும் பள்ளிக்கூடத்துப் பேரையும் தகட்டுல வெட்டிக் கூடவே அனுப்புவாவ. அதுக்கும் மேல, யாரு கை அந்தச் சில்லுல இருக்கோ அவங்களுக்கு விண்வெளிப் பொறியியல் கல்லூரியில சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஓசி.

எங்க வண்டியில ரெண்டு கை. ஒண்ணு என்னது. இன்னொண்ணு சந்தனமாரி கை.

மாரி எங்கூட ஆறாங் கிளாஸ்லருந்து ஒரே பெஞ்சு. அவ அப்பா உப்பு லாரி ஓட்டுதாவ. அக்கா மீன் கம்பெனியில எறால் உரிக்கா. பிளஸ் டூ முடிஞ்சதும் மாரிக்கும் அங்கதான் வேலைன்னு வீட்ல பேசி வச்சாச்சு. அவ வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டா. எனக்குப் பேச்சு கூட, அவளுக்குக் கம்மி, ரெண்டு பேருக்கும் அதனால சரியாப் போச்சு. வண்டி ஓட்டுததுலயும் அப்படித்தான் பிரிச்சுக்கிட்டோம். கிளப்புறது அவ. தேரி மேட்டுல ஏத்துறது நான்.

தேரின்னா எங்க ஊருக்கு வெளிய செக்கச்செவேல்னு கெடக்க மணக்காடு. நடந்தா முழங்கால் வரைக்கும் உள்ள வாங்கும், காத்தடிச்சா மேடு எடம் மாறிப் போவும். செவ்வாயில மண்ணு இந்த மாதிரிதான் இருக்கும்னு எங்க பிசிக்ஸ் டீச்சர் முத்தரசி சொன்னாவ. அப்ப நம்ம பாதி செவ்வாய்க்காரங்கதான டீச்சர்னு நான் கேட்டேன். "நீ முழுசாவே அங்கதான் இருக்க, எறங்கி வந்து ஹோம்வொர்க்கக் காட்டு"ன்னாவ.

வண்டிக்கு ஓணான்னு பேரு வச்சோம். நாலு சக்கரம், தகர ஒடம்பு, நீட்டுக் கழுத்து, கழுத்துக்கு மேல கேமரா. தானா ஓட ஆரம்பிச்சதுலருந்து, கிளம்பும்போது விருக் விருக்னு தலைய ரெண்டு வாட்டி ஆட்டும். அதுக்குத்தான் அந்தப் பேரு. கழுத்து மோட்டார்ல ஏதோ லூசுன்னு நானும் கழட்டிக் கழட்டி மாட்டிப் பாத்துட்டேன், சவம் போகல.

தேரியில நடந்த கடைசிச் சுத்துக்கு மையத்துலருந்து கார்குழலி மேடம் வந்திருந்தாவ. கோயம்புத்தூர்க்காரங்க. ஒல்லியா, தலையில ஒரு தொப்பி, வெயில்ல மூஞ்சி செவந்துபோயி இருந்தாவ. வேற ஊர்ப் பிள்ளைகள் ஒரு பாடு வந்திருந்துச்சு. எல்லாருக்கும் பளபளன்னு வண்டி. எங்களது எண்ணெய் டின்ன வெட்டிச் செஞ்ச ஒடம்பு. யாரும் ரிமோட்டத் தொடக்கூடாது. விசில் அடிச்சதும் வண்டிக தானா கிளம்பி, மேட்டத் தாண்டி அந்தப் பக்கம் நட்டிருக்க கொடியச் சுத்திட்டு வரணும்.

விசில் அடிச்சாவ. எல்லா வண்டியும் போயிருச்சு. ஓணான் நிக்கு.

கழுத்த இந்தப் பக்கம் திருப்புது, அந்தப் பக்கம் திருப்புது. எதையோ தேடுது. எனக்கு ஒண்ணும் புரியல. திரும்பிப் பாத்தா மாரி மூஞ்சியில ரத்தமே இல்ல. அந்தால ஓணான் விறுவிறுன்னு பக்கவாட்டுல போயி, ஒரு கொல்லா மரத்துக்கு, அதான் முந்திரி மரத்துக்கு, அடியில நின்னுச்சு. அங்க மஞ்சளா ஒரு கொல்லாம்பழம் விழுந்து கெடந்துச்சு. முன் சக்கரத்த அது மேல ஏத்தி நசுக்குச்சு. பின்னால வந்துச்சு. அடுத்த சக்கரத்த நேரா வச்சு மறுபடி ஏத்துச்சு. இப்படி நாலு சக்கரமும் ஒண்ணு மாத்தி ஒண்ணு. அப்புறம் கழுத்தத் திருப்பி நசுங்கின பழத்த ஒரு பார்வை பாத்துச்சு. தலைய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, கிளம்பினது பாருங்க, மத்த வண்டியெல்லாம் பாதி மேட்டுல பொதஞ்சு கெடக்கையில எங்க ஓணான் கோணலா வளைஞ்சு வளைஞ்சு ஏறி, கொடியச் சுத்தி, அதே மாதிரி வந்து நின்னுச்சு. வேற ஒரு வண்டியும் திரும்பி வரல.

நான் போட்ட சத்தத்துல மரத்துல இருந்த காக்காயெல்லாம் பறந்துபோச்சு.

மேடம் கைதட்டல. பழத்துக்கிட்ட போயி குத்தவச்சுப் பாத்தாவ. "இது என்ன பண்ணுச்சு, கண்ணு?"ன்னு கேட்டாவ.

நான் ஏதாவது சமாளிச்சிருப்பேன். அதுக்குள்ள மாரி அப்பா முந்திக்கிட்டாவ. லோடு எறக்கிட்டு நேரா லாரியோட வேடிக்க பாக்க வந்திருந்தாவ. "சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்குதுல்லாம்மா அது! புது வண்டி பாத்தியளா. மொத ஓட்டத்துக்கு நாலு பழம் நான்தான் குடுத்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு வாட்டி தேரிக்குக் கொண்டு வரும்போதும் எம்மக மறக்காம வச்சிருவா"ன்னு பெருமையா சொன்னாவ. மாரி மண்ணுக்குள்ள போயிருக்கலாம்னு நெனச்சிருப்பா.

நெசம்தான். மொத நாளு மாரி சக்கரத்துக்கு ஒண்ணா நாலு பழம் வச்சு, பைய ஏத்தி நசுக்கி, நாலும் சரியா நசுங்குச்சான்னு கேமராவத் திருப்பிப் பாத்துட்டு, அதுக்கப்புறந்தான் ரிமோட்ட எங்கையில குடுத்தா. "கோட்டிக்காரி"ன்னு நான் சிரிச்சேன். எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு நாளு உபவாசம் இருந்து ஜெபம் பண்ணியிருப்பா. ஆனா தடுக்கணும்னு எனக்குத் தோணல. ஊர்ல எந்த வண்டி பழத்த நசுக்காமக் கிளம்புது? ஷோரூம் வாசல்லயே வச்சிருதாவள்லா. அத ஒரு சில்லு பாத்துக்கிட்டு இருக்குன்னு எங்களுக்கு எங்க ஒறைச்சுது?

மேடம் மாரி அப்பாட்ட பொறுமையா பேசினாவ. மாரி அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா, இதெல்லாம் எதுக்கு? இங்கன உக்காந்து ரிமோட்லயே ஓட்டிரலாம்லா?"

"அண்ணா, நாம இங்க பிரேக் போட்டா அது அங்க போய்ச் சேரவே பத்து இருபது நிமிஷம் ஆகும்."

"அதுக்குள்ள வண்டி கவுந்துருமே."

"அதுக்குத்தானுங்க. அங்க போற வண்டிக்குப் புத்தி சொல்ல ஆள் இருக்காது. பழகின பழக்கந்தான் காப்பாத்தணும்."

"அப்ப இது கிளீனர் பையன் மாதிரி. பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து டிரைவர் ஆகுதது."

"அதேதான்"னு மேடம் சிரிச்சாவ. அப்புறம் சிரிப்பு போயிருச்சு. "அங்க எலுமிச்சம்பழத்துக்கு எங்கண்ணா போறது?"

மறுநாள் எங்க லேப்ல கூடினோம். மேடம், முத்தரசி டீச்சர், நான், மாரி. மேசை மேல ஓணான்.

"ஓட்டத்துல உங்க வண்டிக்குப் பக்கத்துல யாரும் வர முடியாது. எடுத்துக்கறோம்"னாவ மேடம். நான் துள்ளப் போனேன், கையக் காட்டி நிறுத்தினாவ. "ஆனா அங்க எறங்கினதும் இது பழத்தத் தேடும். கெடைக்காட்டி கிளம்பாது. கட்டளை போட்டுத் தடுத்துப் பார்த்தேன், அப்படியே நின்னுடுது."

"அந்தப் பழக்கத்த மட்டும் எடுத்திர முடியாதா மேடம்?"ன்னு டீச்சர் கேட்டாவ.

"மாவுல போட்ட உப்பு மாதிரிங்க. உப்ப மட்டும் திருப்பி எடுக்க முடியாது. ஆனா ஒரு ஆளோட கைய மொத்தமா எடுத்துடலாம். சில்லுக்குள்ள ஒவ்வொருத்தர் கையும் தனித்தனிப் படலமா இருக்கு. கிளப்பறது முழுக்கச் சந்தனமாரியோட படலம். அத உரிச்சுட்டு எங்க ஆள் ஒருத்தர் கையப் போட்டுட்டா வண்டி ஒழுங்காக் கிளம்பிடும்."

எனக்கு இருப்புக் கொள்ளல. "சட்டுனு சொல்லுங்க மேடம், உரிச்சா மாரிக்கு என்ன ஆவும்?"

"பியூலா, மேசையத் தட்டாத"ன்னாவ டீச்சர்.

மேடம் மாரியப் பாக்காமச் சொன்னாவ. "விதி என் கையில இல்ல. சில்லுல கை இருக்கறவங்களுக்குத்தான் சீட்டு."

"உரிச்சிருங்க மேடம்"னு மாரி சொன்னா. உப்பு போடவான்னு கேக்குத மாதிரி சாதாரணமா சொன்னா.

எனக்கு மொதல்ல வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அதச் சொல்லிருதேன். அப்பாடா, பிரச்சினை தீந்துது, தகட்டுல என் பேரு வந்துரும். அப்படித்தான் தோணிச்சு. அடுத்த நிமிஷம் மாரி கையப் பாத்தேன். ஓணான் முதுகத் தடவிக்கிட்டு இருந்தா. அவ அக்கா எறால் உரிக்கா, இங்க இவளையே உரிக்கச் சொல்லி நீட்டிக்கிட்டு நிக்கா. எனக்கு வெக்கம் வந்துச்சு, வெக்கத்துக்கு மேல கோவம் வந்துச்சு. கோவம் வந்தா எனக்கு யாரு எவருன்னு தெரியாது.

"ஏட்டி, ஒனக்கு வாயே கெடையாதா? ஒன்னத் தூக்கி வெளிய போடச் சொல்லுதாவ, சரிங்க."

"நான்தானட்டி பழத்த வச்சேன்."

"நீ வச்ச. நான் பக்கத்துல நின்னு பல்லக் காட்டிட்டு இருந்தேன்ல? வண்டி கிளம்பினாத்தானட்டி மேட்டுல ஏறும்? கிளம்பாத வண்டிய நான் எங்கன ஏத்துவேன், என் தலையிலயா?"

"பியூலா!"ன்னு டீச்சர் அதட்டினாவ. நான் மேடத்தப் பாத்தேன். "மேடம், அது பழந்தான கேக்குது? குடுத்திருவோம்."

"என்னது?"

"நாலு எலுமிச்சம்பழத்தக் கூடவே அனுப்புங்க. வண்டி எறங்குற பலகை நுனியில வைங்க. நசுக்கட்டும், பாக்கட்டும், போவட்டும். அவ்வளவுதான சோலி?"

மேடம் நெத்தியில கைய வச்சாவ. "கண்ணு, அங்க நம்ம ஊர்க் கிருமி ஒண்ணுகூடப் போகக்கூடாது. பழம் அனுப்பினேன்னா என்னையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாங்க."

"பழம் வேண்டாம். பழம் மாதிரி."

அன்னைக்கே சோதிச்சோம். மஞ்சக் கலர் ரப்பர் பந்த வச்சோம். ஓணான் ஓடி வந்து ஏறுச்சு, பந்து நசுங்கிட்டு மறுபடி உருண்டையாச்சு. திரும்பிப் பாத்துச்சு. உருண்டையா கெடக்கு. மறுபடி வந்து ஏறுச்சு. பாத்துச்சு. மறுபடி ஏறுச்சு. பேட்டரி தீருற வரைக்கும் அந்தப் பந்தோட மல்லுக்கட்டிட்டு இருந்துச்சு, பாவம். மேடம் தொப்பியக் கழட்டி வீசிக்கிட்டு உக்காந்துட்டாவ.

"நசுங்கினா நசுங்கினபடியே கெடக்கணும்"னா மாரி, மெல்ல. "அப்பதான் மனசு ஆறும்."

"யாரு மனசு?"ன்னு கேட்டேன். அவ பந்த எடுத்து ஒதுக்கி வச்சா.

வெளிய ஓடிப்போயி பரோட்டாக் கடையில பார்சல் கட்டுத சில்வர் பேப்பர் கொஞ்சம் கேட்டு வாங்கிட்டு வந்தேன். உள்ள கூடா வச்சு உருட்டி, ஸ்கூல் பெயிண்ட்ல மஞ்ச அடிச்சு, காய வச்சு, சக்கரத்துக்கு ஒண்ணா வச்சோம். ஓணான் வந்துச்சு. ஒவ்வொண்ணா ஏறுச்சு. நாலும் அப்பளமாப் போச்சு. திரும்பிப் பாத்துச்சு. தலைய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு லேப் வாசலத் தாண்டிப் போயே போயிருச்சு. மாரி பின்னால ஓடித் தூக்கிட்டு வந்தா. வந்து என்னைய இறுக்கிக் கட்டிப் பிடிச்சா.

ஓணான் ஆடின தலையப் பாத்துட்டு மேடம் கேட்டாவ, "அந்தத் தலையாட்டல் யாரோட பழக்கம்?"

"அது பழக்கமெல்லாம் இல்ல மேடம், மோட்டார் லூசு. உங்க வண்டியில வராது"ன்னேன். எனக்குத் தெரியாதா எங்க வண்டியப் பத்தி?

மேடம் தலையாட்டிக்கிட்டாவ. அப்புறம் பேனாவ எடுத்து மூடி, தொறந்து, மூடினாவ. "உருண்டைய மெல்லிசு அலுமினியத்துல செய்யலாம். சுட்டெடுத்துக் கிருமியக் கொல்லலாம். எல்லாம் சரி. கனம் இருக்கே பியூலா. அந்த வண்டியில ஒரு சின்ன ஸ்க்ரூவ ஏத்தணும்னாலும் நாங்க மாசக்கணக்குல சண்டை போடுவோம். எல்லாம் முடிவாயாச்சு. நாலு உருண்டைய ஏத்தணும்னா வேற ஒண்ண எறக்கணும். எத எறக்கட்டும்? மண்ணைச் சோதிக்கற கருவியவா? பேட்டரியவா?"

எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. மேடத்துக்கும் தெரியும். அவங்க வாயால சொல்ல மாட்டாவ, அதுவும் தெரியும். பால்காரர், பாஸ்டர், டியூஷன் சார், முக்குக் கடை அண்ணாச்சி, எல்லார் மூஞ்சியும் வரிசையா வந்து போச்சு. பியூலா ஞானசெல்வம். நான் நோட்டு அட்டையிலெல்லாம் அந்தத் தகட்ட வரஞ்சு வச்சிருக்கேன், மூலைக்கு மூலை ஸ்க்ரூ வச்சு. யாருமே இல்லாத எடத்துல, மழையே பெய்யாத எடத்துல, என் பேரு அழியாமக் கெடக்கும்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சந்தோசத்துல தூக்கம் வராது.

"அந்தத் தகடு எவ்வளவு கனம் மேடம்?"

"பியூலா..."

"கேக்குததுக்குச் சொல்லுங்க."

"உருண்டையவிடக் கொஞ்சம் கூடவே."

"அப்ப எறக்கிருங்க."

மாரிக்கு அப்பதான் வாய் வந்துச்சு. "வேண்டாம்ட்டி! ஒனக்கு அந்தத் தகடுன்னா உசுருல்லா. வேண்டாம் மேடம், இவ கோவத்துல சொல்லுதா."

"நான் எப்பவும் கோவத்துலதான் சொல்லுவேன், அதுக்காகத் தப்பாவா சொல்லுவேன்? மேடம், தகட்ட எறக்கிருங்க."

முத்தரசி டீச்சர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாவ. "பள்ளிக்கூடத்துப் பேரும் அதுலதானட்டி இருக்கு"ன்னாவ. நான் ஓணான் சக்கரத்துல ஒட்டின மஞ்ச பெயிண்டச் சொரண்டிக்கிட்டு இருந்தேன். டீச்சர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எந்திரிச்சாவ. "சரி. ஹெட்மாஸ்டர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். மத்தியானம் காப்பி குடிச்சிட்டு வருவார். அப்ப சொன்னாத்தான் கேப்பார்."

அந்த வருசம் முழுக்க ஊர்ல என்னைய வச்சு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினாவ. "என்ன பியூலா, பேரு போயிட்டுதாமே, எலுமிச்சம்பழம் போவுதாமே"ன்னு பால்காரர் தெனமும் கேப்பார். "ஆமா, ஒமக்கு ஊறுகாய் போட்டு அனுப்புதேன்"பேன். பாஸ்டர் அம்மாட்ட வந்து, சாமி காரியத்துக்குப் பிள்ளை ஏன் தொண போச்சுன்னு வருத்தப்பட்டாராம். எங்க அம்மா, "அவ எலுமிச்சம்பழத்துக்குப் போவலய்யா, சிநேகிதிக்குப் போனா"ன்னு சொன்னாளாம். அம்மா என்ட்ட இத நேர்ல சொல்லல. சொன்னா எனக்குத் தலைக்கனம் ஏறிரும்னு பயம்.

இன்னொரு கூட்டம் வந்துச்சு. சக்கரத்துக்குப் பழம் வைக்குததுல பெரிய விஞ்ஞானம் இருக்கு, அந்தக் காலத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்கன்னு வாட்ஸ்அப்புல போட்டு மாரி போட்டோவையும் சேத்து அனுப்பினாவ. மாரி அப்பா அத எல்லாருக்கும் காட்டினாவ. ஒரு விஞ்ஞானமும் கெடையாது, சவத்தத் தள்ளுங்க மாமான்னேன். வண்டிக்கு வச்சுப் பழகிட்டோம், வைக்காமக் கிளம்பினா மனசு ஒப்பாது, அவ்வளவுதான். அத ஏன் பெரிசு பண்ணணும்?

ரெண்டு வருசம் கழிச்சு நெசமான ஓணான் செவ்வாயில எறங்குச்சு. நானும் மாரியும் அப்ப விண்வெளிப் பொறியியல் கல்லூரியில ஒரே ரூமு. சாப்பாட்டு ஹாலப் பெரிய திரை போட்டு நெரப்பிட்டாவ. கார்குழலி மேடம் எங்களுக்கு நடுவுல வந்து உக்காந்தாவ. மத்தியான நேரம், ஃபேன் ஓடியும் எல்லாருக்கும் வேர்க்குது. எறங்கிட்டுதுன்னு தெரிஞ்சதும் ஒரே கூச்சல். வண்டி பலகையில எறங்கி மண்ணத் தொட்டுட்டு நின்னுருச்சு. அங்க என்ன நடக்குதோ அது நமக்குத் தெரியுததுக்குள்ள அங்க எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுதான் கொடுமை. இனிமே யாரும் எதுவும் செய்ய முடியாது.

வண்டிய எறக்கிவிட்ட கூட்டுல ஒரு கேமரா இருக்கு, அது படம் படமா அனுப்புது. மொத படத்துல ஓணான் நிக்கு. அடுத்த படத்துல கழுத்து இடது பக்கம். அடுத்ததுல வலது பக்கம். பின்னால யாரோ, "மாட்டிக்கிச்சா?"ன்னு குசுகுசுத்தாவ. "தேடுதுடா"ன்னு நான் திரும்பாமலே சொன்னேன். மாரி என் மணிக்கட்டப் புடிச்சிக்கிட்டா.

பலகை நுனியிலருந்து மண்ணுல உதுந்து கெடக்க நாலு மஞ்ச உருண்டை. ஒரு சக்கரம் ஏறிச்சு. பின்னால வந்துச்சு. ரெண்டாவது. மூணாவது. நாலாவது. அப்புறம் ஓணானோட சொந்தக் கேமராவுலருந்து மொத படம் வந்துச்சு. ஒலகம் பூரா செவ்வாயோட வானத்தப் பாக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கு. ஓணான் அனுப்பினது, செக்கச்செவேல் மண்ணுல அப்பளமாக் கெடக்க நாலு மஞ்சப் பழம். சரியா நசுங்குச்சான்னு திரும்பிப் பாத்திருக்கு. மாரி வாயப் பொத்திக்கிட்டு அழுதா. ஹால்ல பாதிப் பேருக்கு என்னன்னே புரியல, ஆனா கைதட்டினாவ.

அதோட அது போயிரும்னு நெனச்சேன். கூட்டுக் கேமராவுலருந்து அடுத்த படம் வந்துச்சு. ஓணான் தலை குனிஞ்சிருக்கு. அடுத்தது, தலை மேல. அடுத்தது, கீழ. அடுத்தது, மேல. அதுக்கு அடுத்த படத்துல வண்டி ஒரு அடி தள்ளிப் போயிருக்கு.

"அட, இங்கயும் தலைய ஆட்டுதே"ன்னேன். "மேடம், உங்க கழுத்து மோட்டார்லயும் லூசா?"

மேடம் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாவ. "அந்தக் கழுத்த நானே நின்னு மாட்டினேன் கண்ணு. அசையாது. அது மோட்டார் இல்ல. பழக்கம்."

"யாரு பழக்கம்? நாங்க ரெண்டு பேருதான ஓட்டினோம். மாரி கிளப்பி, பழத்தப் பாத்துட்டு ரிமோட்ட எங்கையில குடுப்பா. நான் வாங்கினதும் மேட்டுக்குத் திருப்புவேன். தலைய யாரு ஆட்டினா?"

மாரி கண்ணத் தொடச்சிக்கிட்டே சிரிக்க ஆரம்பிச்சா. அவ சிரிச்சா நிறுத்த மாட்டா. "ஏட்டி, மேசையப் பாருட்டி."

பாத்தேன். என் கட்டவெரலு மேசைய ரெண்டு தட்டு தட்டிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தும், மறுபடி ரெண்டு தட்டு. எப்ப ஆரம்பிச்சேன்னே எனக்குத் தெரியாது.

"ரிமோட்ட வாங்கினதும் அதுல கழுத்த அசைக்குத குச்சிய ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் நீ வண்டிய எடுப்ப. தெனமும். ஒனக்கு அவசரம்லா"ன்னா மாரி.

"தெரிஞ்சே இருந்திருக்க. அன்னைக்கு மேடம் கேட்டாவள்லா, யாரு பழக்கம்னு? ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா ஒன்னையும் உரிச்சிருப்பாவள்லா."

நான் அவ தலையில ஒரு குட்டு வச்சேன். மேடம் தொப்பிய எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டாவ, சிரிக்காவளா அழுதாவளான்னு தெரியல.

அந்நேரம் அம்மா போன் பண்ணினா. வீட்ல டிவியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா, பின்னால பால்காரர் குரலும் கேக்கு. "ஏட்டி, தகடுதான் எறக்கியாச்சு, ஒம் பேர எங்கயாவது ஒரு ஓரத்துலயாவது எழுதியிருக்காவளா?"

"பேரு எங்கயும் இல்லம்மா"ன்னேன். "டிவியப் பாரு. பழத்த நசுக்கிட்டுத் தலைய ரெண்டு ஆட்டு ஆட்டுதா?"

போன்ல டிவி சத்தம் கூடிச்சு. அந்தப் படத்தத் திரும்பத் திரும்பக் காட்டிக்கிட்டு இருந்தாவ போல.

"அதான பாத்தேன்"னா அம்மா. "நீ இட்லிக்குத் தட்டத் தட்டுத மாதிரியே இருக்கேன்னு."